அலமாரியில் இருந்தும் கைக்கு எட்டாத நூல்கள்

நான் உதவி நூலகராகப் பணிபுரியும் பல்கலைக்கழகத்தில், நூல் கொள்முதல் நெடுங்காலமாகத் துறைத் தலைவர்களின் பட்டியலையும் விற்பனையாளர் தரும் தள்ளுபடியையும் பொறுத்தே நடந்துவந்தது. சிறு பதிப்பகங்கள் வெளியிடும் தலித், பழங்குடி, திருநங்கையர் எழுத்துகள் அதற்குள் நுழைவது அரிது. மாணவர்களிடமே பரிந்துரைப் படிவத்தைக் கொடுக்கத் தொடங்கியபின் அந்தக் குறை ஓரளவு தீர்ந்தது. எனக்கும் மனம் நிறைந்திருந்தது.

அப்போதுதான் முதுகலைத் தமிழ் பயில வந்த பார்வை மாற்றுத்திறனாளி மாணவி ஒருவர், புதிய தன்வரலாற்று நூல்களைப் பற்றி நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல நானே படிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா சார்?" என்றார். ஒன்றுகூட இல்லை.

மின்நூல்கள் உதவும் என்று நம்பி, திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளான என்விடிஏ திரைவாசிப்பானைக் கணினியில் நிறுவிப் பார்த்தோம். பக்கங்களைப் படமாக வருடிச் சேமித்த கோப்புகளில் அது வாயே திறக்கவில்லை. பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை இன்னும் மோசம். ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீடுகளில் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துருக்கள் அவை என்பதால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது செவிக்குப் பொருளற்ற ஓசையாகவே வந்து சேர்ந்தது. இவற்றை, ஒவ்வொரு எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொதுத்தரமான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுவது எளிது. படத்திலுள்ள எழுத்துகளைக் கண்டறிந்து உரையாக்கும் எழுத்துணரியில் படக்கோப்புகளை இட்டு எடுப்பதுதான் கடினம். ரகரமும் துணைக்காலும் ஏறத்தாழ ஒரே வடிவில் இருப்பதால் அது அடிக்கடி தடுமாறும், ஒவ்வொரு பக்கத்தையும் மெய்ப்புப் பார்த்தே ஆகவேண்டும்.

பதிப்புரிமைச் சிக்கல் வருமோ என்று அலுவலகத்தில் தயங்கினார்கள். மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக, இலாப நோக்கமின்றி, அணுகத்தக்க வடிவில் படி எடுப்பதை பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தமே அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் பன்னாட்டு ஒப்பந்தமான மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் உலகிலேயே முதலில் ஏற்பளித்த நாடும் இந்தியாதான். சட்டம் திறந்து வைத்த வழியில் நூலகங்கள் இத்தனை காலம் நடக்காமல் இருந்தது எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது. 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்ற விதியை நூலக அறிவியலறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்டது சென்னையிலிருந்துதானே!

இப்போது சிறு பதிப்பகங்களுக்கு ஆணை அனுப்பும்போது ஒருங்குறிக் கோப்பையும் கேட்கிறோம். சிலர் மனமுவந்து தருகிறார்கள். மாதத்துக்கு இரண்டொரு நூல்களையே எங்களால் மாற்ற முடிவதால், எதை முதலில் எடுப்பது என்பதைப் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களின் முடிவுக்கே விட்டுவிட்டோம். அவர்கள் தந்த முதல் பட்டியலில் பாடநூல்களைவிடக் கவிதைத் தொகுப்புகளே மிகுதியாக இருந்தன.