மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருளுது?

இலை சுருண்டாலே வேப்பெண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். முதலில் இலை மேல்பக்கம் மடிகிறதா, கீழ்ப்பக்கம் மடிகிறதா என்று பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் மிளகாய்த் தொட்டிக்கு இரண்டே இடம்தான்: ஒன்று முற்றம், இன்னொன்று மொட்டைமாடி. சித்திரை வெயிலில் மாடித் தளம் கொதிக்கும். தொட்டி மண்ணும் சேர்ந்து கொதிக்கும். மத்தியானம் ஓரம் மடிந்து நிற்கிற இலை சாயங்காலம் தானாக விரிந்தால் அது நோயில்லை, சூடுதான். தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி, மண்மேல் இரண்டு விரல் கனத்துக்குத் தென்னைநார் பரப்பினால் போதும்.

சாயங்காலமும் விரியவில்லையா? கொழுந்தைப் பாருங்கள். ஓரங்கள் மேலே மடிந்து தோணி மாதிரி இருந்தால் இலைப்பேன். ஒரு வெள்ளைத்தாளைக் கீழே பிடித்துக் கொழுந்தை இரண்டு தட்டு தட்டுங்கள். நூல்துண்டு போல மஞ்சளாக ஏதாவது ஓடினால் சந்தேகமே வேண்டாம்.

தோணியைக் கவிழ்த்த மாதிரி கீழே மடிந்து, இலை குறுகி, காம்பு மட்டும் நீண்டு, அடிப்பக்கம் செம்பு நிறமாக மினுங்கினால் மஞ்சள் சிலந்தி. வலை கட்டும் சிலந்தி வேறு, இது வேறு. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். எட்டுக்கால் ஜீவன் என்பதால், பேனுக்கு அடிக்கிற பல பூச்சிமருந்து இதைக் கொல்லாது. அதைத் தின்கிற பூச்சிகள் செத்து, சிலந்திதான் பெருகும். ‘மருந்து அடிச்சும் கேக்கல’ என்று புலம்பும் தொட்டிகளில் பல இந்த வகைதான்.

பேனுக்கு முதல் மருந்து தண்ணீர்தான். இலையின் அடிப்பக்கம் நன்றாகப் படும்படி பீய்ச்சி அடியுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய். அதை நேரே தண்ணீரில் விட்டால் மேலே மிதக்கும். படுகிற இடத்தில் இலை கருகும். முதலில் எண்ணெயில் சில சொட்டு காதி சோப்புக் கரைசல் விட்டு வெள்ளையாகும்வரை அடித்து, அப்புறம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். கலக்கியதை அன்றே அடித்துவிடுங்கள். நேரம், மாலை ஐந்துக்கு மேல். வாரம் ஒருமுறையாக மூன்று தடவை.

சிலந்திக்கு நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலக்கி அடிக்கிற கந்தகத் தூள், லிட்டருக்கு 3 கிராம். வெயில் உக்கிரமான நாளில் அடித்தால் இலை பொசுங்கும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகத்தைத் தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் சுருட்டலைவிட மோசமான காயம் வரும்.

ஏற்கெனவே சுருண்ட இலை நிமிராது. மருந்து கேட்டதா என்று பார்க்க அடுத்து விடும் கொழுந்தைப் பாருங்கள். அது நேராக வந்தால் சரி. பழைய இலையைப் பார்த்துவிட்டு மறுபடி மறுபடி அடிப்பதுதான் செடியைக் கொல்வது.

இலை சிறுத்து, சுருக்கம் விழுந்து, நரம்பு வெளிறி, செடி வளராமல் கொத்துக் கொத்தாய் நின்றால் வைரஸ். ஆட்டினால் வெள்ளை ஈ பறக்கும், அதுதான் வைரஸைப் பரப்புவது. இதற்கு மருந்து கிடையாது. பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மற்ற தொட்டிகளுக்கு நடுவே மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுங்கள். பூ விட்ட செடியாயிற்றே என்று இரக்கப்பட்டால் பக்கத்துச் செடியும் போகும்.

எல்லாம் பூச்சியும் இல்லை. இலை கரும்பச்சையாகி நுனி நகம்போலக் கீழே வளைந்தால் உரம் கூடிவிட்டது. நம் ஆச்சிமார் கடலைப் புண்ணாக்குத் தண்ணீரை அள்ளி ஊற்றுவார்கள், ஆசைதான் காரணம்! ஒரு கைப்பிடிப் புண்ணாக்கை ஒரு லிட்டரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். கூடிப்போயிருந்தால் ஒரு மாதம் நிறுத்துங்கள்.

நுனி காய்ந்து, தொட்டி விளிம்பில் வெள்ளையாய்ப் பூத்திருந்தால் போர்த்தண்ணீர் உப்பு. முற்றத்துக் கூரையில் இறங்குகிற மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்து, தொட்டி கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு மெதுவாக ஊற்றி, அடி ஓட்டை வழியே வடியவிடுங்கள். ஓட்டை அடைபட்டிருந்தால் உப்பு இறங்காது, வேரும் அழுகும். ஊற்றும்முன் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள்.