எஸ்டீமுக்கு டர்போ மாட்டியாச்சு, பெட்ரோல் ஊட்டத்தான் பெரும்பாடு

மாருதி எஸ்டீம் காரின் 1.3 எம்பிஎஃப்ஐ இன்ஜினில் சின்ன டீசல் கார் ஒன்றின் டர்போவை (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சாதனம், காற்று கூடினால் பெட்ரோலும் கூடணும்) மாட்டுவது, மேனிஃபோல்டு வெல்டிங், ஆயில் லைன் எல்லாம் பெரிய தொந்தரவில்லாமல் முடிந்தன. காசையும் உயிரையும் வாங்கியது பெட்ரோல் சப்ளைதான்.

மலிவான வழி என்று எல்லோரும் சொல்வது, பெட்ரோலைப் பீய்ச்சும் பழைய இன்ஜெக்டரையே வைத்துக்கொண்டு ரெகுலேட்டரில் பெட்ரோல் பிரஷரை ஏற்றிவிடுவது. 3 பாரை 4 பாராக்கினாலும் கூடுதலாக வருவது 15 சதவீதம்தான். 120 குதிரைத்திறன் வேண்டுமென்றால் ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 240 சிசி தரணும், பங்க்கில் கிடைக்கும் இ20க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) அதற்கு மேல் ஒரு 7 சதவீதம். அதனால் பெரிய இன்ஜெக்டர் இல்லாமல் ஆகாது என்று சேலத்திலேயே ஒரு பழைய சாமான் கடையில் நாலு வாங்கினேன். "எல்லாம் ஒரே செட்டுங்க தம்பி" என்றார். வீட்டில் மல்டிமீட்டரை வைத்தால் மூன்று 14 ஓம், ஒன்று மட்டும் இரண்டரை ஓம்! ஓம் குறைந்தால் கரண்ட் அதிகம் இழுக்கும். அதை அப்படியே மாட்டியிருந்தால் இன்ஜெக்டரை இயக்க நானே சால்டர் பண்ணிய ஸ்பீடுயினோ என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் போர்டு அன்றைக்கே புகைந்திருக்கும். திரும்பக் கொண்டுபோனால், "கரண்ட் சாமானெல்லாம் வித்தா வித்ததுதாங்க." கடையிலேயே மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்தது பம்பு. மணிக்கு 255 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பி, ஏற்காட்டில் நண்பனின் காப்பித் தோட்டத்துப் பாதையில் ஓட்டிப் பார்க்கலாம் என்று லோடு வண்டியில் காரை ஏற்றி இருபது கொண்டை ஊசி வளைவும் கடந்து போனோம். (பொது ரோட்டில் இதை ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இடம் கொடுக்காது, அது தனி ரோதனை.) பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறியதும் பெட்ரோல் பிரஷர் கேஜ் 3இலிருந்து 2க்கு விழுந்தது, புகையில் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் லீன் (பெட்ரோல் போதவில்லை) என்று காட்ட, உடனே காலை எடுத்தேன். இன்னும் ரெண்டு நொடி மிதித்திருந்தால் பிஸ்டன் போயிருக்கும். வாடகை தண்டம், காரோடு கீழே இறங்கினோம்.

ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றிக் கேனில் விட்டு, மூன்றரை பாரில் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். அரை லிட்டர்கூட வரவில்லை, எனக்கு வேண்டியதோ முக்கால் லிட்டருக்கு மேல். வயரில் குறையோ என்று பம்பு முனையிலேயே வோல்டேஜ் பார்த்தேன், சரியாகவே இருந்தது. பம்பே டூப்ளிகேட். உடைக்க வந்த ஒரு பெட்ரோல் காரிலிருந்து கம்பெனி பம்பைக் கழற்றி அதே கேனில் அளந்தேன், ஒரு லிட்டரைத் தாண்டியது. விலையும் புதுசில் பாதிதான்!

மறுபடி மேலே போனபோது சாவியைத் திருப்பியதுமே, இன்ஜினுக்குப் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் 85 கிலோபாஸ்கல் என்றது. 1500 மீட்டர் உயரத்துக்கு அது சரிதான், ஸ்பீடுயினோ அதையே எடுத்துக்கொண்டது. முழு பூஸ்டிலும் வைட்பேண்ட் காட்டும் லாம்ப்டா (1க்குக் கீழே போனால் பெட்ரோல் கூடுதல்) 0.80ஐ விட்டு நகரவில்லை, நண்பனிடம் போனைக் கொடுத்து மீட்டரைப் படம் எடுக்கச் சொன்னேன்.

சிலது விட்டுப்போச்சு. வைட்பேண்ட் சென்சாரை டர்போவுக்குப் பின்னால் போடுங்கள், முன்னால் போட்டால் சூடும் அழுத்தமும் சேர்ந்து தப்பான ரீடிங் காட்டும். ரெகுலேட்டரின் சின்ன ஹோஸை, காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டாமல் விட்டால் அரை பார் பூஸ்டுக்கே 9 சதவீதம் பெட்ரோல் குறையும். கார்புரேட்டர் வண்டி ஹோஸ் இந்தப் பிரஷருக்குத் தாங்காது, மேலே 30ஆர்9 (இன்ஜெக்ஷன் வண்டி ஹோஸுக்கான தரக்குறி) என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.