மேப்பிளுக்கு எண்ணெய் வைத்த கதை

"வார்னிஷ் அடிச்ச கதவுக்கு எவனாவது எண்ணெய் தடவுவானா தம்பி?" என்று எதிர்வீட்டு ஆசாரி கேட்டார். நான் ஏற்கெனவே என் கிட்டாருக்குத் தடவிவிட்டிருந்தேன்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெலிகாஸ்டர் மாடல் கிட்டார் அது. கழுத்தும், அதன் மேல் விரல் அழுத்தும் பலகையான ஃபிரெட்போர்டும் வெளிர் மஞ்சள் மேப்பிள் மரம். வேலூர் சத்துவாச்சாரியில் மொட்டை மாடிக்குக் கீழே என் அறை. கத்திரி வெயிலில் அரை மணி நேரம் வாசித்தாலே விரலெல்லாம் வியர்வை. மூன்று கோடை போனதும் பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளில் முதல் ஐந்துக்கு நடுவே கருப்பாகப் படிந்துவிட்டது. அடர்பழுப்பு ரோஸ்வுட் மரமாக இருந்தால் கண்ணில் பட்டிருக்காது. மேப்பிள் எதையும் மறைக்காது.

என் பழைய அகூஸ்டிக் கிட்டாரின் ரோஸ்வுட் பலகைக்கு எப்போதாவது எண்ணெய் காட்டுவேன். அதே நினைப்பில் இதற்கும் லெமன் ஆயில் வைத்தேன். உள்ளே இறங்கவேயில்லை, மேலேயே நின்று பிசுபிசுத்தது. சாயங்காலத்துக்குள் தெருப்புழுதி வேறு அதில் ஒட்டிக்கொண்டது.

ஆசாரி சொன்னதுதான் விஷயம். ரோஸ்வுட் பலகையைப் பெரும்பாலும் பூச்சில்லாமல் விடுவார்கள், அதனால் அது எண்ணெயைக் குடிக்கும். மேப்பிளுக்கு அநேகமாக எப்போதும் மேல்பூச்சு உண்டு. டெலிகாஸ்டர் செய்யும் ஃபெண்டர் கம்பெனி 1950-களில் மேப்பிள் கழுத்துக்கு நைட்ரோ லாக்கர் என்ற பூச்சை அடித்தது. இப்போது வருபவற்றில் பாலியூரித்தேன் பூச்சு அதிகம். நாம் துடைப்பது மரத்தை அல்ல, அந்தப் பூச்சைத்தான்.

சரி, கம்பிகளைக் கழற்றினேன். பழைய வேட்டித் துணியை நனைத்து, சொட்டு விடாமல் பிழிந்து துடைத்தேன், உடனே காய்ந்த துணியால் இன்னொரு தடவை. பாதி அழுக்கு இதிலேயே போய்விட்டது. ஃபிரெட் ஓரத்து அழுக்குக்கு டூத்பிக்கின் முனையில் துணி சுற்றிக்கொண்டேன். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் அசையவில்லை. துணியில் கொஞ்சம் லைட்டர் ஃப்ளூயிட் தொட்டு, முதலில் கடைசி ஃபிரெட் பக்கம் ஓர் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தேன். பூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்புறம்தான் மற்ற இடங்களுக்குப் போனேன். சட்டென்று தீப்பிடிக்கிற சமாச்சாரம் என்பதால் மாடியில் காற்றாட உட்கார்ந்து செய்தேன். சானிடைசர் போதுமே என்றான் தம்பி. நைட்ரோ பூச்சாக இருந்தால் சானிடைசரின் ஆல்கஹால் அதை இளக்கிவிடக்கூடும், வேண்டாம் என்றேன்.

ஃபிரெட்டுக்குப் பளபளப்பு ஏற்ற ஸ்டீல் வூல் என்ற இரும்பு நார்ப் பஞ்சை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். பூச்சில் பட்டால் மினுமினுப்பு போய் மங்கிவிடும், கோடும் விழும். இரும்புத் துகள், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், எடுக்கவே வராது. நான் மரம் தெரியாதபடி மாஸ்கிங் டேப் ஒட்டி, பிக்கப்பையும் மூடிவிட்டு, மெட்டல் பாலிஷ் போட்டேன். ஒட்டவும் உரிக்கவுமே ஒரு மணி நேரம் ஆனது, முதுகு விட்டுப்போச்சு.

இரண்டாவது ஃபிரெட் பக்கம் பூச்சு தேய்ந்து மரம் வெளியே தெரிகிறது. அங்கே அழுக்கு நாருக்குள் இறங்கிச் சாம்பல் நிறமாகிவிட்டது. வெறும் மரத்தில் ஈரம் பட்டால் நார் எழும்பும், அதனால் அந்த இடத்துக்குக் காய்ந்த துணி மட்டும்தான். திரும்ப லாக்கர் அடிக்கலாமா என்று ஆசாரியிடம் கேட்டேன். "வாசிக்க நல்லாத்தானே இருக்கு, வுடு" என்றார். விட்டுவிட்டேன்.

இப்போது வாசித்து முடித்ததும் கம்பியையும் பலகையையும் ஒரு துடை துடைத்துத்தான் பெட்டியில் வைக்கிறேன். மிச்ச லெமன் ஆயில் அகூஸ்டிக்குக்கு.