பழைய வீட்டின் ஜிஐ குழாய்கள்: அளந்து பார்த்த பிறகு வெட்டிய அனுபவம்

நாற்பது ஆண்டுகளைக் கடந்த எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய்கள் எல்லாமே சுவருக்குள் பதித்த ஜிஐ குழாய்கள், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள். உட்புறத் துத்தநாகப் பூச்சு தேய்ந்து தீர்ந்ததும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்குகிறது. துருவும் நீரிலுள்ள உப்பும் சேர்ந்து துளையை ஆண்டுக்கு ஆண்டு குறுக்கிக்கொண்டே போகின்றன. காலையில் முதலில் திறக்கும் குழாயில் பழுப்பு நீர் வருவதும், சமையலறையில் யாராவது குழாயைத் திறந்தால் குளியலறை ஷவர் நூலாக மெலிவதும் அதன் அறிகுறிகள். இரண்டும் எங்கள் வீட்டில் இருந்தன. சிறு பழுதுகளை ஓய்வு நேரத்தில் நானே பார்த்துப் பழகியதால், பிளம்பரை அழைக்குமுன் அடைப்பு எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைக் கண்டறிந்துவிட வேண்டும் என்று விரும்பினேன்.

முதலில் குழாய் முனைகளிலுள்ள வடிகட்டி வலைகளையும் ஷவர் தலையையும் கழற்றிச் சுத்தம் செய்தேன். அவை அடைத்திருந்தால் மற்ற அளவீடுகள் எல்லாமே பொய்யாகிவிடும். பிறகு 10 லிட்டர் வாளியை ஒவ்வொரு குழாயின் கீழும் வைத்து, நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தேன். மேல்நிலைத் தொட்டியை ஒட்டிய குழாயில் 35 வினாடி, சமையலறையில் 1 நிமிடத்துக்குச் சற்று மேல், குளியலறையில் ஏறத்தாழ 4 நிமிடம். குளியலறைக் கிளையில் ஒரு பிரஷர் மீட்டரையும் பொருத்திப் பார்த்தேன். தொட்டியின் நீர்மட்டம் அந்தக் குழாயைவிட 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 10 மீட்டர் உயர நீருக்கு ஏறத்தாழ 1 பார் என்ற கணக்கில் 0.4 பார் காட்ட வேண்டும். எல்லாக் குழாய்களையும் மூடியிருக்கும்போது அப்படியே காட்டியது. அதே கிளையில் அடுத்த குழாயைத் திறந்ததும் முள் பூஜ்யத்தை நெருங்கிவிட்டது.

பழைய வீடுகளில் இந்த இடத்தைத்தான் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள். நீர் நின்றிருக்கும்போது, குழாய் எவ்வளவு அடைத்திருந்தாலும் அழுத்தம் முழுமையாகவே இருக்கும்; ஓடத் தொடங்கிய பிறகே குறுகலான பகுதி அதை விழுங்குகிறது. ஆகவே ‘பிரஷர் பத்தவில்லை’ என்று சொல்லி பூஸ்டர் பம்ப் வைப்பது இந்த நோய்க்கு மருந்தாகாது. நைந்துபோன இணைப்புகளின் மேல் கூடுதல் சுமை ஏற்றுவதாகவே முடியும் என்பது என் உறுதியான கருத்து.

வெட்டுவதற்கு முன் தொட்டிக்குக் கீழிருந்த கேட் வால்வை (தகடு இறங்கி நீரை நிறுத்தும் வகை) சோதித்தோம். கைப்பிடி தாராளமாகச் சுழன்றது, தண்ணீர் நிற்கவில்லை. உள்ளிருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்றுவிட்டிருந்தது. தொட்டியைக் காலி செய்து, அந்த இடத்தில் பால் வால்வு (துளையிட்ட உருண்டை திரும்பி நீரை நிறுத்தும் வகை) மாற்றிய பிறகே அடுத்த வேலையைத் தொட்டோம். பழைய வீட்டில் எந்தக் குழாயில் கை வைப்பதானாலும், தண்ணீரை நிறுத்தும் வால்வு உண்மையிலேயே நிறுத்துகிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வது நல்லது.

சமையலறைக்கும் குளியலறைக்கும் இடைப்பட்ட பகுதியில் பிளம்பர் வெட்டி எடுத்த ஒரு சாண் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அரை அங்குலக் குழாய், புதிதாக இருந்தபோது உள்விட்டம் ஏறத்தாழ 16 மி.மீ.; இப்போது ஒரு பென்சில் தட்டுத் தடுமாறி நுழையும் அளவுக்கே துளை மிஞ்சியிருக்கிறது. உட்சுவர் முழுக்கக் கறையான் புற்றுபோல் முண்டுமுண்டாகத் துரு. ஒரு முண்டை ஸ்க்ரூடிரைவரால் உடைத்தபோது மேலே பழுப்பு நிற ஓடும் உள்ளே ஈரமான கரிய சேறும் இருந்தன. பித்தளை நிப்பிளை (இரு முனையிலும் மரையுள்ள சிறு இணைப்புக் குழாய்) ஒட்டிய மரை தான் மிக மோசம்: வேறுபட்ட இரு உலோகங்கள் நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு விரைவாக அரிக்கும். விட்டம் பாதியானால் நீரோட்டம் பாதியாகும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அதே உயரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. வாளிக் கணக்கில் கண்ட இறக்கத்துக்கு இதுவே காரணம்.

அமிலம் ஊற்றிக் கரைக்கலாமா என்று யோசித்ததுண்டு. ஆனால் ஊசித்துளைகளைப் பல இடங்களில் அந்தத் துருவே அடைத்துக்கொண்டிருக்கும். அது கரைந்தால் சுவருக்குள் கசிவு தொடங்கும். கெட்ட பகுதியை மட்டும் மாற்றலாமா என்று கேட்டபோது பிளம்பர், “சார், இங்க ரென்ச் போட்டா அடுத்த ஜாயிண்ட்டு விட்டுடும்” என்றார். மரை வெட்டிய இடத்தில் சுவர்த் தடிமன் ஏற்கெனவே குறைவு என்பதால் அவர் சொன்னது முற்றிலும் சரி. முழு லைனையும் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாயாக மாற்ற முடிவு செய்தோம். அது 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்பதால் வெந்நீருக்கும் பயன்படும். கீசரை ஒட்டி மட்டும் உலோக இணைப்பு வைத்தோம்.

ஒட்டும் முறையை அருகிலிருந்து பார்த்தது எனக்குப் பெரிய பாடம். கரைப்பான் பசையைத் தடவி, குழாயைச் செருகும்போதே கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். விட்டுவிட்டால் பொருத்தியின் சரிவு குழாயை மெல்ல வெளியே தள்ளிவிடும். சுவரைப் பூசி மூடுவதற்கு முன் கைப்பம்பால் நீரழுத்தச் சோதனை நடந்தது. காற்றை ஏற்றிச் சோதிப்பது ஆபத்தானது. பிளாஸ்டிக் குழாய் வெடித்துச் சிதறலாம். அளவு நாடாவைச் சுவரில் வைத்து ஒவ்வொரு வளைவையும் படம் எடுத்துவிட்டேன்.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. சில பழைய வீடுகளில் மின் எர்த் இணைப்பு இரும்புத் தண்ணீர்க் குழாய் வழியாகவே போயிருக்கும். நடுவில் பிளாஸ்டிக் வந்தால் அந்தப் பாதுகாப்பு சத்தமின்றி அறுந்துவிடும். கீசரை மீண்டும் இயக்குமுன் எலக்ட்ரீஷியனை வரவழைத்துத் தனி எர்த் சரியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டோம்.

இப்போது குளியலறையில் வாளி 50 வினாடியில் நிறைகிறது, பழுப்பு நீர் இல்லை. கழிவுநீர்ப் பக்கம் இன்னும் பாக்கி. மேல்மாடியில் ஃப்ளஷ் செய்தால் கீழ்க் குளியலறையின் தரை டிராப்பில் (நாற்றத்தைத் தடுக்க நீர் தேங்கி நிற்கும் வளைவு) உள்ள நீர் உறிஞ்சப்பட்டு, சற்று நேரத்தில் நாற்றம் வருகிறது. கழிவுக் குழாய்க்குள் காற்று போய்வர வைத்த வென்ட் குழாய் அடைத்திருக்கும் என்று கருதுவதால், மொட்டை மாடியில் அதன் மூடியைக் கழற்றிப் பார்ப்பது அடுத்த வேலை.