ஐபிஎஸ் வயிற்று நோய் ஆய்வில் சேரப் போகிறீர்களா? கேள்வித்தாளை உங்கள் கையில் வாங்குங்கள்

மும்பையின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஐபிஎஸ் (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்ற குடல் தொந்தரவு) நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் பற்றி ஓர் ஆய்வு நடக்கிறது. அதில் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டேன். சேர்ந்ததில் நிம்மதிதான். ஆனால் சேர்வதற்குள் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் கோபம் ஆறவில்லை. இதே வயிற்றோடு இதே ஊரில் அல்லாடும் யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நோயை விளக்கப் போவதில்லை, இருப்பவர்களுக்குத் தெரியும். எல்லா டெஸ்டும் நார்மல் என்று வரும், வயிறு மட்டும் நார்மலாக இருக்காது. நான் முலுண்டில் இருக்கிறேன். ஆபீஸ் போக ஃபாஸ்ட் வண்டி கண்ணெதிரே நின்றாலும் ஏற மாட்டேன். லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாது. ஸ்லோ வண்டி என்றால் பாண்டுப்போ காஞ்சூர்மார்கோ, முடியாத இடத்தில் இறங்கிவிடலாம். எந்த ஸ்டேஷனில் எந்த பிளாட்பாரத்தில் கழிப்பறை இருக்கிறது, அதில் எது காலையில் திறந்திருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். கல்யாண வீட்டில் சாப்பிடாமல் எழுந்து வந்தால் கோபித்துக்கொண்டு போகிறாள் என்கிறார்கள். இதெல்லாம் எந்த ஸ்கேனில் தெரியும்? அதனால்தான் ஓபிடி (வெளிநோயாளிகள் பிரிவு) டாக்டர் "வாழ்க்கைத் தரம் பற்றி ஓர் ஆய்வு இருக்கிறது, சேருகிறீர்களா" என்று கேட்டதும் சரி என்றேன்.

டாக்டர் பார்த்த கட்டம் சுமுகமாகவே முடிந்தது. ஐபிஎஸ்தானா என்று முடிவு செய்ய டாக்டர்கள் பயன்படுத்தும் ரோம் அளவுகோல்படி கேள்வி கேட்டார்: கடந்த 3 மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வலி உண்டா, வலிக்கும் மலம் கழிப்பதற்கும் தொடர்பு உண்டா, தொந்தரவு தொடங்கி 6 மாதம் ஆகிவிட்டதா. எல்லாவற்றுக்கும் ஆமாம். கேஸ் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தலைவலி அதற்கப்புறம்தான். ரத்தசோகை வந்தபோது எங்கள் பக்கத்து நர்சிங் ஹோம் ஒன்றில் ஒரு நாள் படுத்து கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்திருந்தேன். வேறு நோய் இல்லை என்று உறுதிப்படுத்த அந்த ரிப்போர்ட் ஆய்வுக்காரர்களுக்கு வேண்டும். என்னிடம் இருந்தது பில்லும் டிஸ்சார்ஜ் கார்டும் மட்டும். நர்சிங் ஹோமில் போய்க் கேட்டால், கவுன்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே "பழைய ஃபைல் எல்லாம் கோடவுனுக்குப் போயாச்சு, நாளைக்கு வாங்க" என்றார். நாளைக்குப் போனால் கோடவுன் ஆள் லீவு. அடுத்து டாக்டர் ஊரில் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஆபீசில் அரை நாள் போனது.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர்களுக்கான 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள்படி, உள்நோயாளியின் ஆவணங்களை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் நாளைக்குத்தான். நான் டாக்டர் பெயருக்கே ஒரு கடிதம் எழுதி, விதியையும் அதில் குறிப்பிட்டு, இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு முத்திரை குத்திக் கொடுங்கள் என்றேன். முத்திரை குத்தும்போதுதான் அந்தக் கவுன்டர்காரர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். கெடு முடிவதற்குள் போன் வந்தது, ரிப்போர்ட் தயார்.

அடுத்தது கால்ப்ரோடெக்டின் டெஸ்ட். குடலில் அழற்சி இருக்கிறதா என்று மலத்தை வைத்துப் பார்ப்பது. கிரோன் மாதிரியான குடல் அழற்சி நோய்களையும் ஐபிஎஸ்ஸையும் பிரித்துக் காட்ட உதவும். சாம்பிள் கொடுக்கப் போனால் பில் கவுன்டரில் முதலில் பணம் கட்டச் சொன்னார்கள். ஆய்வுக்காக மட்டும் செய்யும் பரிசோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறைகளில் இது இருக்கிறது, என் கையில் கொடுத்த தகவல் தாளிலும் அச்சடித்திருந்தது. அந்த வரியைக் காட்டியதும் மேலும் கீழும் போன் போட்டார்கள், கடைசியில் விட்டார்கள். அதனால் தகவல் தாளின் நகலை வாங்காமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். (போக்குவரத்துச் செலவு தருவோம் என்றும் அதில் இருக்கும். டிக்கெட் கேட்பார்கள். என்னைப் போல சீசன் பாஸில் போகிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.)

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாமல் போனது கேள்வித்தாள் நாள்.

ஐபிஎஸ்-க்யூஓஎல் என்ற அந்தக் கேள்வித்தாளில் 34 கேள்விகள். கழிப்பறைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருக்கிறதா, நாற்றத்தை நினைத்துக் கூச்சமா, சாப்பிடுவதைத் தவிர்க்கிறீர்களா, தாம்பத்திய ஆசை குறைந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' தொடங்கி 'மிக அதிகம்' வரை ஐந்து பதில்கள். எல்லாவற்றையும் சேர்த்து 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண்ணாக மாற்றுவார்கள். மதிப்பெண் கூடினால் வாழ்க்கை பரவாயில்லை என்று அர்த்தம்.

இதை எங்கே வைத்துக் கேட்டார்கள் தெரியுமா? ஓபிடி வராண்டாவில், பெஞ்சில் உட்காரவைத்து. ஒரு பக்கம் எண்டோஸ்கோபிக்குக் காத்திருக்கும் கூட்டம், இன்னொரு பக்கம் வார்டு பாய் ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு போகிறார். ஆய்வு உதவியாளர் சின்னப் பெண். சத்தத்தில் எனக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்க ஹிந்தியில் படிக்கிறாள். நாற்றம் பற்றிய கேள்வி வந்ததும் எதிர் பெஞ்சில் இருந்த ஓர் ஆள் திரும்பிப் பார்த்தார். என் வாயிலிருந்து 'இல்லை' என்றுதான் வந்தது. உண்மை அதுவல்ல. தாம்பத்தியம் பற்றிய இடம் வந்ததும் அந்தப் பெண்ணே முகம் சிவந்து, "ஆன்ட்டி, இதை 'இல்லவே இல்லை'ன்னு போட்டுடறேன்" என்று டிக் அடிக்கப் போனாள். பேனாவைப் பிடித்து நிறுத்தினேன்.

பக்கத்தில் தாராவியிலிருந்து வந்த நம் ஊர் அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் போன வாரமே சேர்ந்தவர். "அந்தக் கேள்வியெல்லாம் என்கிட்ட கேக்கவே இல்லையே அக்கா" என்றார். அப்படியென்றால் அவர் தாளில் யார் டிக் அடித்தது? வருடக்கணக்காகப் பட்ட கஷ்டம், தாளில் ஒன்றுமே இல்லாதது போலப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதை நினைத்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

நேரில் கேட்பதா, தானே நிரப்புவதா என்பது சின்ன விஷயம் இல்லை. 33 நாடுகளில் 73,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த, ரோம் அளவுகோலை வகுத்த ரோம் அறக்கட்டளையின் ஆய்வு 2021இல் வந்தது. இன்டர்நெட்டில் தாங்களே பதில் எழுதியவர்களில் 40 சதவீதம் பேருக்கு ஐபிஎஸ் மாதிரி வயிறு, குடல் சம்பந்தப்பட்ட செயல்பாட்டுக் கோளாறு ஏதாவது ஒன்று இருந்தது. வீட்டுக்குப் போய் நேரில் கேட்ட இடங்களில் அது ஏறக்குறைய பாதிதான், சுமார் 21 சதவீதம். இந்தியாவில் நேரில்தான் கேட்டார்கள். வித்தியாசத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம். முன்பின் தெரியாதவரிடம் மலம் பற்றிப் பேசக் கூசுவதும் அதில் ஒன்று என்பதை அந்த வராண்டாவில் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தாளை என் கையில் கொடுங்கள், தனியாக உட்கார்ந்து நானே நிரப்புகிறேன் என்றேன். அறை இல்லை என்றாள் அந்த உதவியாளர் பெண். தகவல் தாளின் கடைசிப் பக்கத்தில் ஆய்வு ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலரின் போன் நம்பர் இருக்கும். அங்கிருந்தே கூப்பிட்டேன். சண்டை போடவில்லை. எங்கே உட்கார்ந்திருக்கிறேன், எத்தனை பேர் காதில் விழுகிறது, கேட்காத கேள்விக்கு டிக் விழுகிறது என்று நடந்ததை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஆய்வை நடத்தும் டாக்டரே இறங்கி வந்தார். ஊசி போடும் அறை காலியாக இருந்தது, திறந்துவிட்டார்கள். புதுத் தாளில் முதலிலிருந்து எழுதினேன். நிதானமாக, எதையும் குறைக்காமல்.

தாராவி அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவரை மேல் மாடியிலிருந்து வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, அவருக்கும் முழுக்கத் திரும்பக் கேட்டார்கள். வெளியே வந்தவர் "இதையெல்லாம் இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்லக்கா" என்றார். பழைய தாளின் மேல் ரத்து என்று எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்டதை நானே பார்த்தேன்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அத்தனை பேரை முடிக்கச் சொல்லி, உட்கார ஒரு மேஜைகூடக் கொடுக்காமல் வேலை வாங்கினால் அவள் என்ன செய்வாள்?

பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமலே ஆய்விலிருந்து விலகலாம், சிகிச்சையில் கை வைக்க மாட்டார்கள். கேள்விகள் கடந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான், அதனால் போவதற்கு முன் எந்தெந்த நாளில் எதைத் தவிர்த்தீர்கள் என்று காலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள். ஓபிடி மாடியில் பெண்கள் கழிப்பறை பெரும்பாலும் பூட்டியே இருக்கிறது. வயிற்று நோயாளிகள் காத்திருக்கும் மாடியில் இப்படி! சாவி டிரஸ்ஸிங் ரூம் சிஸ்டரிடம் இருக்கும். டோக்கன் எடுப்பதற்கு முன்னால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.