மஞ்சள் காகிதமும் பத்துச்சீட்டும்

அமெரிக்காவில் தோன்றிய சயன்டொலஜி என்ற மத அமைப்பு தன் உறுப்பினர் ஒருவரைப் பகைவர் என்று தீர்மானித்தால், அதை வாய்வார்த்தையோடு விட்டுவிடுவதில்லை. அதற்கென்று ஓர் ஆணை எழுதப்பட்டு, பொன்மஞ்சள் நிறக் காகிதத்தில் அச்சிடப்படுகிறது. அந்த நபர் யார், அவர் செய்த குற்றங்கள் எவை, மனம் திருந்தினால் எந்த அதிகாரியை மட்டும் அவர் அணுகலாம் என்பவையெல்லாம் அதில் இருக்கும். அந்த மஞ்சள் காகிதத்தைப் பற்றி வாசித்தபோது, தேயிலைத் தோட்டத்தை விட்டு விலக்கப்படுகிறவரின் கையில் கொடுக்கப்பட்ட பத்துச்சீட்டைப் பற்றித் தாத்தா சொல்லக் கேட்ட கதைகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. ஒரு காகிதம் கைக்கு வந்த கணத்தில், நேற்றுவரை கூடவே நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று அவர் சொல்வார்.

இதையெல்லாம் நான் தேடி வாசித்ததற்குக் காரணம் லண்டனில் படிக்கும் என் அக்கா மகன். 200 கேள்விகள் கொண்ட இலவச ஆளுமைப் பரிசோதனைக்கு அழைக்கும் சயன்டொலஜியின் துண்டுப் பிரசுரம் ஒன்று அவன் கைக்குக் கிடைத்திருந்தது. "மாமா, சினிமா நடிகர்களெல்லாம் இருக்கிற இடமாம், சும்மா போய்ப் பார்த்துட்டு வரவா?" என்று வட்சப்பில் கேட்டிருந்தான். அப்போது பாடசாலை விடுமுறை. இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் காலை பத்து மணிவரை பனி விலகாத நாட்கள். உள்ளே போவது எப்படி என்று கேட்கும் பிள்ளைக்கு, வெளியே வருவது எப்படி என்று தேடிச் சொல்வதுதான் மாமனுக்கு அழகு என்று எண்ணி உட்கார்ந்தேன்.

எல். ரொன் ஹபார்ட் விஞ்ஞானக் கதைகள் எழுதிவந்த அமெரிக்கர். 1950ஆம் ஆண்டு 'டயனெடிக்ஸ்' என்ற நூலை வெளியிட்டு, அடுத்த சில ஆண்டுகளில் அதை ஒரு மதமாக மாற்றினார். அதன் மையச் சடங்குக்குப் பெயர் 'ஓடிட்டிங்'. கூட்டுறவுச் சங்கக் கடைக்கு வரும் ஓடிட்டரை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே சரிபார்க்கப்படுவது மனம். இரண்டு தகரக் குழல்களைக் கைகளில் பிடித்துக்கொண்டு, இ-மீட்டர் என்ற கருவியின் முள் அசைவதை ஒருவர் கவனித்திருக்க, நீங்கள் உங்கள் வாழ்வின் துயரங்களையும் தவறுகளையும் சொல்லிக்கொண்டே போக வேண்டும். சொல்லப்பட்டவை எழுதப்பட்டுக் கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன.

அமைப்பை எதிர்ப்பவருக்கு ஹபார்ட் வைத்த பெயர் 'சப்ரெசிவ் பேர்சன்', அதாவது மற்றவர்களை அமுக்கி வைப்பவர். உறுப்பினர்கள் சுருக்கமாக எஸ்.பி. என்பார்கள், நம் நாட்டில் அந்த இரண்டு எழுத்துகளைக் கேட்டால் பொலிஸ் ஜீப்தான் ஞாபகம் வரும். மனிதர்களில் நூற்றுக்கு இரண்டரைப் பேர் இத்தகைய ஆபத்தானவர்கள் என்று ஹபார்ட் கணக்கிட்டார். அமைப்பைப் பற்றிப் பகிரங்கமாகக் குறைகூறுவது, அதற்கு எதிராகச் சாட்சி சொல்வது போன்றவை ஒருவரை எஸ்.பி.யாக்கும் செயல்களின் பட்டியலில் இருக்கின்றன. எஸ்.பி.யோடு உறவு வைத்திருப்பவரும் தப்ப முடியாது. அவர் 'தொல்லைக்கு ஊற்றாகக்கூடியவர்' என்று வகைப்படுத்தப்பட்டு, பிரச்சினையைத் தீர்க்கும்வரை பயிற்சிகளில் முன்னேற அனுமதிக்கப்பட மாட்டார். தீர்க்கும் வழிகள் இரண்டே: எதிர்ப்பவரைச் சமாதானப்படுத்த வேண்டும், இல்லையேல் அவரோடு தொடர்பை அறுத்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பவர் பெற்ற தாயாக இருந்தாலும் விதி இதுதான்.

1967 ஒக்டோபர் 18ஆம் திகதி ஹபார்ட் எழுதிய கொள்கைக் கடிதம் ஒன்று இன்றுவரை அந்த அமைப்பைத் துரத்துகிறது. பகைவராக அறிவிக்கப்பட்டவரின் உடைமையைப் பறிக்கலாம், அவருக்கு எந்த வழியிலும் தீங்கு செய்யலாம், அவரை ஏமாற்றலாம், அவர்மேல் வழக்குப் போடலாம், அவரிடம் பொய் சொல்லலாம், அவரை அழித்துவிடலாம். இவற்றைச் செய்யும் உறுப்பினர் மீது ஒழுங்கு நடவடிக்கை கிடையாது என்பது அதன் சாரம். அந்த நிலைக்கு அவர் கொடுத்த பெயர் 'ஃபெயார் கேம்', அதாவது வேட்டையாட அனுமதிக்கப்பட்ட இரை. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1968 ஒக்டோபர் 21இல், இந்த வழக்கம் ரத்துச் செய்யப்பட்டது. ரத்து ஆணையை நான் மூன்று முறை வாசித்தேன். அந்தப் பெயரைச் சூட்டி அறிவிப்பது இனி நிற்கும் என்றும், அது வெளியுலகில் கெட்ட பெயரைத் தருகிறது என்றும் சொல்லும் அந்தச் சிறிய ஆணை, பகைவரை நடத்தும் முறை பற்றிய எந்தக் கொள்கையையும் தான் ரத்துச் செய்யவில்லை என்ற குறிப்போடு முடிகிறது. தோட்டத்தில் சொல்வதானால், பெயர்ப்பலகையை மட்டும் கழற்றியிருக்கிறார்கள்.

அப்படித்தான் நடந்தது என்பதற்குப் போலெட் கூப்பரின் கதையே போதும். நியூயோர்க்கைச் சேர்ந்த இந்தப் பத்திரிகையாளரின் பெற்றோர் நாசிகளால் கொல்லப்பட்டவர்கள். பெல்ஜியத்திலிருந்து தத்தெடுக்கப்பட்டு அமெரிக்கா போனவர். 1971இல் சயன்டொலஜியைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1972இன் இறுதியில் அந்த அமைப்பின் நியூயோர்க் அலுவலகத்துக்குக் குண்டு மிரட்டல் கடிதங்கள் வந்தன. அவற்றுள் ஒன்றில் கூப்பரின் விரல் ரேகை இருந்தது. அவர் தொட்ட காகிதத்தையே தந்திரமாக எடுத்து அதில் மிரட்டலைத் தட்டச்சு செய்திருந்தார்கள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1973இல் அவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. சிறைப் பயத்தில் உணவும் உறக்கமும் இழந்து கிடந்த அந்த மாதங்களில், நண்பனாக வந்து கூடவே தங்கி ஆறுதல் சொன்ன ஒருவன் அவருக்குப் பெரிய துணையாக இருந்தான். அவர் மனமுடைந்து சாவைப் பற்றிப் பேசியதையெல்லாம் அவன் அவ்வப்போது அமைப்புக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தான் என்பது பிறகு தெரியவந்தது. வழக்குப் போட்டவனையும் மிரட்டியவனையும்விட, தேநீர் ஊற்றிக் கொடுத்தபடி குறிப்பெடுத்த அந்த மனிதனை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது.

குற்றச்சாட்டு கைவிடப்பட்ட பின்னும் அவர்கள் ஓயவில்லை. கூப்பரைச் சிறைக்கோ மனநோய் மருத்துவமனைக்கோ அனுப்புவதற்கான திட்டம் ஒன்று 1976இல் தயாரானது. 1977 ஜூலை 8ஆம் திகதி எப்.பி.ஐ. வாஷிங்டனிலும் லொஸ் ஏஞ்சலிஸிலும் அமைப்பின் அலுவலகங்களைச் சோதனையிட்டபோதுதான் இத்திட்டத்தின் ஆவணங்கள் அகப்பட்டன. அமெரிக்க அரசாங்க அலுவலகங்களுக்குள் ஆட்களை நுழைத்து ஆவணங்களைத் திருடிய மிகப் பெரிய சதி ஒன்றும் அப்போதே அம்பலமானது. அந்தச் சதிக்காக 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள்; அவர்களுள் ஹபார்டின் மனைவி மேரி சூவும் ஒருவர். வழக்கின் நோக்கம் வெல்வதைவிட எதிரியைத் தொந்தரவு செய்து சோர்வடையச் செய்வதே என்று 1955இலேயே ஹபார்ட் எழுதியிருந்தார். 1991இல் கண்டனக் கட்டுரை வெளியிட்ட டைம் சஞ்சிகையிடம் 41 கோடியே 60 இலட்சம் டொலர் கேட்டுத் தொடுத்த வழக்கு தள்ளுபடியானது என்றாலும், மேன்முறையீடுகள் உச்ச நீதிமன்றம்வரை போய் 2001இல்தான் முடிந்தன. அத்தனை ஆண்டுகள் சட்டத்தரணிக்குப் பணம் கட்டத் தனிமனிதர் எவரால் முடியும்?

வெளியாருக்கு வழக்கு என்றால், உள்ளிருந்து வெளியேறுபவருக்குக் கடன். 'சீ ஓர்க்' என்ற உள்வட்டத்தில் சேர்பவர்கள் நூறு கோடி ஆண்டுகளுக்குச் சேவை செய்வதாக ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகிறார்கள். மறுபிறவிகளும் அதற்குள் அடக்கம். இடையில் விலகினால், அதுவரை இலவசமாகப் பெற்ற பயிற்சிகள் அனைத்துக்கும் விலை போட்டுப் பட்டியல் வரும்; அதற்குப் பெயரே 'ஓசிக்காரர் கடன்'. இதை வாசிக்கும் மலையகத்தார் எவருக்கும் 'துண்டு' முறையை விளக்கத் தேவையில்லை. தொழிலாளியின் கடனைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, அதை அடைத்தவனே ஆளைக் கூட்டிப் போகலாம் என்றிருந்த அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணியின் பெரட்டிலிருந்து, அதாவது காலை ஆள்கணக்கு வரிசையிலிருந்து, நகர முடியாமல் நின்ற நம்மவருக்கும், கலிபோர்னியாவில் சீருடை அணிந்து நிற்பவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு: கடன் கட்டாமல் போனால் அங்கே பொலிஸ் பிடிக்காது. ஆனால் கட்டாதவர் நல்ல நிலையில் உள்ள உறுப்பினராக இருக்க முடியாது. அப்படி இல்லாதவரோடு பழகினால் அவருடைய பிள்ளைகளின் நிலையும் ஆட்டம் காணும். கடனை வசூலிக்க அதற்கு மேல் ஆள் அனுப்பத் தேவையில்லை.

மைக் ரின்டர் என்பவர் சிறு வயதிலிருந்தே இந்த அமைப்பில் வளர்ந்தவர். விமர்சகர்களைக் கையாளும் பிரிவுக்கே தலைவராக இருந்து, பிபிசி போன்ற ஊடகங்களுக்கு முன்னால் அமைப்பின் பேச்சாளராக நின்றவர். 2007இல் வெளியேறினார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவரோடு தொடர்பை அறுத்துக்கொண்டார்கள். தானே பல குடும்பங்கள் மீது ஏவிய விதி தன் வீட்டுக்குள் வந்தபோது அவர் முறையிடக்கூட இடமில்லை. பின்னர் பல ஆண்டுகள் அமைப்பை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்த அவர் 2025 ஜனவரியில் காலமானார். இன்றைய தலைவர் டேவிட் மிஸ்காவிஜின் தந்தை ரொன் மிஸ்காவிஜ் 2012இல் வெளியேறிய பின், அவரைப் பின்தொடர்ந்து வேவு பார்த்த இருவர் அமெரிக்கப் பொலிஸாரிடம் அகப்பட்டார்கள். அந்த வேலைக்கு வாரத்துக்கு 10,000 டொலர் கிடைத்தது என்று அவர்கள் சொன்னார்கள். பெற்ற அப்பாவுக்கு!

அமைப்பின் பதிலையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. 'ஃபெயார் கேம்' 1968இலேயே முடிந்துவிட்டது என்றும், 1970களின் குற்றங்கள் பின்னர் கலைக்கப்பட்ட ஒரு பிரிவின் தன்னிச்சையான செயல்கள் என்றும், தொடர்பை அறுப்பது ஒவ்வொருவரின் சொந்த உரிமை என்றும், வெளியேறியவர்கள் கசப்பினால் பேசுகிறார்கள் என்றும் அவர்கள் கூறுகிறார்கள். தந்தையை வேவு பார்த்த கதையையும் மறுத்தார்கள். யாரோடு பேசுவது என்பது அவரவர் உரிமைதான். அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் மறுமைக்கான பாதை அடைபடும் என்று ஒருவரை நம்பவைத்த பிறகு, அதை உரிமை என்று அழைப்பது எனக்குப் பொருந்தவில்லை. 1968இல் தொடர்பறுப்பும் நிறுத்தப்பட்டதாகத்தான் அறிவித்தார்கள். 1983இல் அது மீண்டும் வந்தது.

ஒதுக்கிவைத்தல் அமெரிக்கர்களின் கண்டுபிடிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் திருவிழாக் கணக்கைக் கேட்ட பெரியப்பாவின் குடும்பத்தைத் தள்ளிவைத்தார்கள். தண்ணீர், நெருப்பு, பேச்சு எதுவும் கொடுக்கக்கூடாது. தண்ணீர் பிடிக்கும் பீலியில் பெரியம்மா கடைசியாகத்தான் குடம் வைக்க வேண்டும்; வெயில் காலத்தில் கடைசிக் குடம் நிறைய அரை மணி நேரமாகும். அம்மாவும் பெரியம்மாவும் கூடப்பிறந்தவர்கள். இருவரும் ஒரே மாதிரிப் பித்தளைக் குடம் வைத்திருந்தார்கள். அம்மா தன் குடத்தை நிரப்பிக் கல்லில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், பக்கத்தில் இருந்த வெறுங்குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு லயத்துக்கு வருவார். அதில் தண்ணீர் இல்லை என்பது பின்னால் நடந்த எனக்கு மட்டும் தெரியும். அடுத்த திருவிழாவுக்குக் காப்புக் கட்டியபோது பெரியப்பாவைச் சேர்த்துக்கொண்டார்கள். அதுவரை அந்தக் குடங்கள் மாறிக்கொண்டே இருந்தன.

சயன்டொலஜியில் இந்தக் குடம் மாற இடமில்லை. மற்றொருவர் விதி மீறுவதைக் கண்டால் அதை எழுத்தில் அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். கண்டும் எழுதாதவர் அந்தக் குற்றத்தில் பங்காளி. கணவன் மனைவியைப் பற்றி எழுதலாம், மனைவி கணவனைப் பற்றி எழுதலாம். 1961இல் ஹபார்ட் ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரையான பிள்ளைகளை விசாரிப்பதற்கென்றே ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். இ-மீட்டரின் தகரக் குழல்களைப் பிடித்தபடி பிள்ளை பதில் சொல்ல வேண்டும். "அப்பாகிட்டக்கூடச் சொல்லிடாதடா" என்று ஒற்றையடிப் பாதையில் அம்மா என்னிடம் சொன்னது அந்த வயதில்தான். பட்டியலின் தொடக்கத்திலேயே இருக்கிறது அந்தக் கேள்வி: சொல்லக்கூடாது என்று யாராவது உன்னிடம் எதைச் சொல்லியிருக்கிறார்கள்?