கண்மாய்ச் சேறும் ஹைட்-ஏ மரபணுவும்

ஹைட்ரஜன் என்றாலே எங்கள் ஊரில் பேச்சு மின்பகுப்புக்கு, அதாவது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிப்பதற்குப் போய்விடும். 1953லிருந்து சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் காரைக்குடியில் வேறெப்படிப் பேசுவார்கள்! நான் பார்க்கும் வேலை வேறு. காற்றில்லாத இடத்தில் சர்க்கரையைத் தின்று ஹைட்ரஜனை விடும் பாக்டீரியாக்கள். அதற்கு வேண்டிய கண்மாய்ச் சேற்றுக்கும் அரிசி ஆலைக் கழிவுநீருக்கும் செட்டிநாட்டில் பஞ்சமா என்ன?

முதலில் சேற்றைக் கொதிக்க வைப்போம். மீத்தேன் உண்டாக்கும் கூட்டம் செத்துவிடும், ஸ்போர் என்ற கெட்டி உறை கட்டிக்கொள்ளும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா தப்பித்துவிடும். அப்புறம் ஒரு மோல் குளுக்கோஸ் அசிட்டிக் அமில வழியில் போனால் 4 மோல் ஹைட்ரஜன், பியூட்டிரிக் வழியில் போனால் 2. இது தாளில் இருக்கும் கணக்கு, பாட்டிலில் பெரும்பாலும் அவ்வளவு வராது. எங்கே போயிற்று என்று தேட மரபணுவைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கே முதலில் ஒரு தலைவலி. சேற்றிலிருந்து பிரித்த டிஎன்ஏ பழுப்பாக நிற்கும். அது மக்கிய பொருளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆரின் நொதியை முடக்கிவிடும். டிஎன்ஏவின் தூய்மையைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதம் படுத்திருந்தால் இதைச் சந்தேகப்படலாம். விலை உயர்ந்த கிட் வாங்குவதற்கு முன் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள், பிஎஸ்ஏ என்ற மாட்டு ரத்தப் புரதம் கொஞ்சம் சேருங்கள். பல நேரம் அதுவே போதும்.

எல்லோரும் அடுத்துச் செய்வது 16எஸ் மரபணுவைப் படிப்பது. சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள இந்த மரபணு எல்லா பாக்டீரியாவிலும் உண்டு, இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறும், அதனால் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் கிடைக்கும். ஆனால் மொய் நோட்டில் பெயர் இருக்கிறது என்பதற்காக அவர் பந்தியில் பரிமாறினார் என்று சொல்ல முடியுமா? கிளாஸ்ட்ரிடியம் அசிட்டோபியூட்டிலிக்கம் ஒரு செல்லிலேயே இந்த மரபணு 11 பிரதி வைத்திருக்கிறது, ஆகவே எண்ணிக்கை ஊதிக் காட்டும். போதாததற்கு, நாம் கொதிக்க வைத்துக் கொன்றவர்களின் டிஎன்ஏவும் பட்டியலில் வந்து உட்காரும்.

வேலை செய்பவரைப் பிடிக்க ஹைட்-ஏ வேண்டும். ஹைட்ரஜனை உருவாக்கும் இரும்பு ஹைட்ரஜனேஸ் என்ற நொதியின் மரபணு அது. அதிலும் டிஎன்ஏவோடு நிறுத்தாமல், மரபணு இயங்கும்போது உண்டாகும் நகலான எம்ஆர்என்ஏவை அளந்தால்தான் அந்த மரபணு அப்போது இயங்கியதா என்று தெரியும். எம்ஆர்என்ஏ நிமிடக்கணக்கில் சிதையும், அதனால் மாதிரி எடுத்த கையோடு திரவ நைட்ரஜனில் போட்டுவிட வேண்டும், டீ குடித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை.

சரி, ஹைட்-ஏ ஏறியிருக்கிறது, வாயு மட்டும் ஏறவில்லை என்றால்? அங்கேதான் ஹோமோஅசிட்டோஜென்களைச் சந்தேகப்பட வேண்டும். ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து அசிட்டிக் அமிலமாக்கிவிடும் ஆட்கள். இவர்களிலும் சிலர் ஸ்போர் கட்டுவார்கள், கொதிக்க வைத்தாலும் போகமாட்டார்கள். போதாக்குறைக்கு இவர்களிடமும் இரும்பு ஹைட்ரஜனேஸ் உண்டு, ஹைட்-ஏ மட்டும் பார்த்தால் திருடனும் காவல்காரனும் ஒன்றாகத் தெரிவார்கள். இவர்கள் அசிட்டிக் அமிலம் ஆக்கும் வழியில் வேலை செய்யும் எஃப்எச்எஸ் மரபணுவையும் கூடவே பார்த்தால் பெரும்பாலும் ஆள் அகப்படுவார்.

எந்த மரபணுவைப் பெருக்குவது என்று பிசிஆருக்குக் காட்டும் பிரைமர் ஒரு ஜோடிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் ஹைட்-ஏதான் வாங்குவேன். 16எஸ் பிரைமர் பக்கத்து லேப்பில் கேட்டால் கிடைக்கும்.